நீலம் ஏறினால் மருந்தாகிவிடுமா?

நாவல் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பாமல் சேர்த்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொட்டையை நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, காலையில் ஒரு கரண்டி மோரில் கலந்து குடித்தால் சர்க்கரை இறங்கும் என்பது நாம் கேட்டு வளர்ந்த கைவைத்தியம். அந்தப் பேச்சோடு இப்போது ஒரு புது வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபீனால் நிறைந்தது, ஆன்டிஆக்ஸிடன்ட் மிகுந்தது, ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது. பொடிப் பொட்டலத்தின் முதுகில் இதை அச்சடிக்கிறார்கள். யூடியூபில் சொல்கிறார்கள். கல்லூரி ஆய்வேடுகளும் இதே ராகத்தில்தான் முடிகின்றன: ஒரு கிராம் விதைச்சாரத்தில் இத்தனை மில்லிகிராம் ஃபீனால் இருக்கிறது, எனவே இந்த விதை நீரிழிவுக்கு நல்ல மருந்தாகக்கூடும் என்று.

கொட்டையோடு எனக்கு வழக்கில்லை. அந்த 'எனவே'யோடுதான் வழக்கு. அதற்கு முன்னால் இருக்கும் எண்ணும் பின்னால் வரும் மருந்தும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டையும் இழுத்து வைத்து முடிச்சுப் போடுவதைத்தான் நாம் அறிவியல் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். விதைப்பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வடித்த சாரத்தில் சில துளிகளைச் சோதனைக்குழாயில் விட்டு, ஃபோலின்-சியோகால்டு என்ற மஞ்சள் நிறக் கரைசலைச் சேர்க்கிறார்கள். சில நிமிடம் கழித்துச் சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றுகிறார்கள். மஞ்சள் மெல்லப் பச்சையாகி நீலமாகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டு, 765 நானோமீட்டர் ஒளியை அந்த நீலம் எவ்வளவு விழுங்குகிறது என்று கருவியில் படிக்கிறார்கள். அதே நீலத்தைக் கொடுக்க எவ்வளவு காலிக் அமிலம் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுவதுதான் 'மொத்த ஃபீனால்'. விதையில் காலிக் அமிலமே அவ்வளவு இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. அவ்வளவு காலிக் அமிலம் தரக்கூடிய நீலம் வந்தது என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது.

அந்த நீலத்தை ஏற்றுவது யார்? மஞ்சள் கரைசலில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் இருக்கின்றன. அவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிற எதுவும் நீலமாக்கும். ஒரு வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்து விட்டாலும் நீலமாகும். ஒடுக்கும் தன்மை கொண்ட சில சர்க்கரைகளும், விதைப் புரதத்தில் இருக்கிற டைரோசினும் டிரிப்டோஃபேனும் தங்கள் பங்குக்கு நீலம் சேர்க்கும். இதில் வியக்க ஒன்றுமில்லை. 1927இல் ஓட்டோ ஃபோலினும் சியோகால்டுவும் இந்தக் கரைசலை உருவாக்கியதே புரதத்தில் உள்ள அந்த இரண்டு அமினோ அமிலங்களை அளக்கத்தான். 1951இல் லௌரி என்பவரின் குழு இதே கரைசலைக் கொண்டு மொத்தப் புரதத்தை அளக்கும் முறையை வெளியிட்டது. 1965இல் சிங்கிள்டனும் ரோஸியும் திராட்சை மதுவிலுள்ள ஃபீனால்களை அளக்க இதைச் சீரமைத்தார்கள். மதுவுக்கு ஏற்பட்ட முறையை நாம் நாவல் கொட்டைக்கும் மாதுளை விதைக்கும் புளியங்கொட்டைக்கும் ஒரே மாதிரி ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வந்த நீலம் முழுவதும் ஃபீனாலால்தான் வந்தது என்றே ஒப்புக்கொள்வோம். அப்போதும் ஃபீனால் என்பது ஒரு பொருளின் பெயராகிவிடாது. ஆயிரக்கணக்கான சேர்மங்கள் அடங்கிய பெருங்குடும்பம் அது. அதன் மொத்த அளவைச் சொல்லி மருந்தின் வீரியத்தைச் சொல்வது, தேர்த்திருவிழாக் கூட்டத்தைத் தலையெண்ணிவிட்டு இதில் வைத்தியர் இத்தனை பேர் என்று அறிவிப்பது போன்றது. ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம்.

வைத்தியர் உண்மையிலேயே இருந்த ஒரு கூட்டத்தின் கதையும் உண்டு. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் ஒரு ஃபீனால்தான். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதை 1886இல் ஃபோன் மேரிங் எழுதினார். வடிகட்டிய சர்க்கரையைச் சிறுநீரகம் மீண்டும் ரத்தத்துக்கு ஏற்றும் வாயிலை அது அடைக்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது. ஆனால் வாயால் உட்கொண்டால் குடலில் சிதைந்துவிடுகிறது. அது அடைக்கும் சர்க்கரை வாயிலும் ஒன்றல்ல, இரண்டு. அதனால் வேதியியலாளர்கள் அதன் கட்டமைப்பை மாற்றி, குடலில் சிதையாததாக, சிறுநீரக வாயிலை மட்டும் குறிவைப்பதாக ஆக்கினார்கள். அப்படி வந்தவைதான் இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கிற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். வேர்ப்பட்டையின் மொத்த ஃபீனால் எவ்வளவு என்று கேட்டிருந்தால் ஃப்ளோரிசின் அந்த நீலத்தில் பெயரில்லாமல் கரைந்து போயிருக்கும். எந்தச் சேர்மம், உடம்பில் எந்த இடத்தில், என்ன செய்கிறது என்று கேட்டதால்தான் மருந்து கிடைத்தது. அது வேலை செய்ததற்குக் காரணம் அதன் வடிவம். எலக்ட்ரான் கொடுக்கும் தாராளம் இல்லை.

இன்னொரு கதை இன்னும் நெருக்கமானது. அதே ஓட்டோ ஃபோலின், வூ சியென் என்பவரோடு சேர்ந்து 1920 வாக்கில் ரத்தச் சர்க்கரையை அளக்கவும் ஒரு முறை கண்டுபிடித்தார். ரத்தத்திலுள்ள சர்க்கரை தாமிர உப்பை ஒடுக்கும், அது மாலிப்டினக் கரைசலை நீலமாக்கும், அந்த நீலத்தைப் படிக்க வேண்டும். பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் மருத்துவமனைகள் இதையே நம்பியிருந்தன. குறை என்ன தெரியுமா? ரத்தத்தில் ஒடுக்கும் தன்மையுள்ள குளூட்டதையோனும் யூரிக் அமிலமும் தங்கள் பங்குக்கு நீலத்தைக் கூட்டின. இருக்கிற சர்க்கரையை விட அதிகம் காட்டியது. அதனால் அந்த முறையைக் கைவிட்டு, குளுக்கோஸை மட்டுமே தேடிப் பிடிக்கும் நொதியைக் கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். இன்று வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற சின்னக் கருவியிலும் இருப்பது அப்படிப்பட்ட நொதிதான். நோயை அளக்க அந்த நீலம் போதாது என்று தள்ளிவிட்டோம். அந்த நோய்க்கு மருந்தென்று சொல்வதை அளக்க மட்டும் அதே குடும்பத்து நீலம் போதும் என்கிறோம். இதற்கு என்ன நியாயம்?

'ஃபீனால் எதுவானாலும் ஆன்டிஆக்ஸிடன்ட் நல்லதுதானே' என்பார்கள். எதிர்த்தரப்பின் இரண்டாவது தூண் இது. இதற்கும் ஒரு நிறச்சோதனை உண்டு. டிபிபிஎச் என்ற ஊதா நிறப் பொருளில் சாரத்தைச் சேர்த்தால் ஊதா வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி. 1958இல் பிளாய்ஸ் விவரித்த முறை. டிபிபிஎச் என்பது மனித உடம்பில் இல்லாத செயற்கைப் பொருள். மெத்தனாலில் அதை வெளுக்க வைப்பது ரத்தக் குழாயில் எதையும் காப்பாற்றியதாகாது. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தியை ஓராக் என்ற அளவையால் வரிசைப்படுத்தி ஒரு பெரும் பட்டியல் வைத்திருந்தது. 2012இல் அதை இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சான்றில்லை, வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னது. அங்கே குப்பைக்குப் போன வாதம் இங்கே பொட்டலத்தின் முதுகில் ஏறியிருக்கிறது.

இதைவிடக் கடுமையான பாடமும் உண்டு. பீட்டா கரோட்டின் பெயர்பெற்ற ஆன்டிஆக்ஸிடன்ட். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அதைச் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற சோதனை ஒன்றை 1996இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சோதனைக்குழாயில் பீட்டா கரோட்டினுக்கு நற்சான்றிதழ் இருந்தது. மனிதர்களிடம் சோதிக்காமல் விட்டிருந்தால் அது இன்றும் காப்பான் என்ற பெயரோடு உலவியிருக்கும்.

நாவல் கொட்டையின் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள். எல்லாஜிக் அமிலத்தைச் சுமந்திருக்கும் பெரிய மூலக்கூறுகள் அவற்றில் கணிசம். அவை அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை. குடலில் உடைந்து எல்லாஜிக் அமிலமாகி, குடல் பாக்டீரியாக்களின் கையில் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாறிய பிறகுதான் பெரும்பாலும் உடம்புக்குள் போகின்றன. அந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே பொடி, ஒரே கரண்டி, இரண்டு பேர் ரத்தத்தில் இரண்டு விதம். மெத்தனால் சாரத்தில் அளந்த எண் இதில் எதைச் சொல்கிறது?

அந்தத் துவர்ப்புக்கு வேறு குணமும் உண்டு. டானின் புரதத்தைக் கவ்வும், இரும்பைக் கட்டும். சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களில் ஒருவருக்கு ஃபீனால் கூடுதலாக உள்ள பொடி என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா? எண் கூடினால் நன்மை கூடும் என்ற எளிய நம்பிக்கை இங்கேயே தடுக்கி விழுகிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகளை இந்த விதைச்சாரம் தடுக்கிறது என்று காட்டும் சோதனைக்குழாய் முடிவுகளையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். புரதம் எதுவானாலும் கவ்வுகிற டானின், நொதியையும் கவ்வும். குறிபார்த்து அடித்ததற்கும் கையில் பட்டதையெல்லாம் அடித்ததற்கும் வித்தியாசம் உண்டு.

எண்ணே கைமாறும் விதத்தையும் கவனியுங்கள். ஒரு கட்டுரையில் 'ஒரு கிராமுக்கு 300 மில்லிகிராம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதன் கிராம்? உலர்ந்த சாரத்தின் கிராமா, விதைப்பொடியின் கிராமா? 100 கிராம் பொடியிலிருந்து 15 கிராம் சாரம் கிடைத்தது என்றால், அந்த 300 என்பது பொடிக் கணக்கில் 45 ஆகிவிடும். விளம்பரத்துக்கு வரும்போது 300 மட்டும் வரும், சாரம் என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிடும். கரைப்பான் மாறினாலும் எண் மாறும். நீரில் ஒன்று, மெத்தனாலில் ஒன்று, தண்ணீர் கலந்த அசிட்டோனில் இன்னொன்று. தோலோடு அரைத்ததா, பருப்பை மட்டும் அரைத்ததா, வெயிலில் உலர்த்தியதா, எத்தனை மாதம் கிடந்தது என்பதற்கெல்லாம் எண் மாறும். மெத்தனால் விஷம். நாம் குடிப்பது மோரில். மோரில் கரைவது எவ்வளவு என்று அளப்பவர் அரிது.

எலிகளை வைத்து வாதிடுவோருக்கும் இதே கணக்குக் காத்திருக்கிறது. எலி ஆய்வுகளில் உடல் எடையின் ஒரு கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் சாரம் கொடுப்பது வழக்கம். கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்று எடுப்போம். எலியின் அளவை மனித அளவாக்க ஏறக்குறைய 6.2ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் சாரம். நூற்றுக்கு 15 சாரம் இறங்குகிற பொடியில் அது 32 கிராமுக்கு மேல். ஒரு சிறு கரண்டியில் மூன்று கிராம் பொடி பிடிக்கும் என்றால் பத்துக் கரண்டிக்கும் மேலே. அவ்வளவு துவர்ப்பை யார் தினமும் விழுங்கப் போகிறார்கள்?

அந்த எலிக்கு நீரிழிவு வந்த விதமும் நம்முடையது போன்றதல்ல. அலாக்ஸான் அல்லது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நஞ்சைச் செலுத்தி, இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொன்று நோயை உண்டாக்குகிறார்கள். அலாக்ஸான் அந்தச் செல்களைக் கொல்வதே ஆக்ஸிஜனின் வீரிய மூலக்கூறுகளைப் பெருக்கித்தான். அந்த நஞ்சுக்கு முன்பே ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் எலி கொஞ்சம் தப்பத்தான் செய்யும். நம் தெருவில் சர்க்கரை வந்தவருக்கு யாரும் அலாக்ஸான் ஊசி போடவில்லை. இன்சுலினுக்கு மசியாத உடம்பும் கூடிய இடுப்புச் சுற்றளவும் குடும்ப வழியும் சேர்ந்து பல ஆண்டுகளில் வந்த நோய் அவருடையது.

இங்கே ஒரு குரல் உரக்க எழும். 'நம் முன்னோர் மீட்டர் வைத்தா வைத்தியம் பார்த்தார்கள்? மரபைக் கேலி செய்கிறீர்களா?' இல்லை. மரபைக் குறுக்குவது அந்த எண்தான். சித்த வைத்தியம் விதையை விதையாக மட்டும் பார்த்ததில்லை. எந்தப் பாகம், எந்தப் பருவம், எப்படிச் சுத்தி செய்வது, எந்த அனுபானத்தில் கொடுப்பது, நோயாளியின் உடல்வாகு என்ன என்று அது கேட்டது. அந்தக் கேள்விகளையெல்லாம் கழித்துவிட்டு, மெத்தனாலில் கரைந்ததற்கு ஒரு எண் போட்டு, இதோ முன்னோர் சொன்னது மெய்யாயிற்று என்பது மரபுக்குச் செய்யும் மரியாதையா? மரபின் கூற்று சோதிக்கத் தக்கது என்று நினைப்பவர் அதை மரபு சொன்ன வடிவில், மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். பிரேசிலில் நாவல் இலைக் கஷாயத்தைச் சர்க்கரைக்குக் குடிக்கும் வழக்கம் உண்டு. அங்குள்ள மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, போலிக் கஷாயத்தோடும் சர்க்கரை மாத்திரையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவு: மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, இலைக் கஷாயம் குறைக்கவில்லை. இது இலைக்கான தீர்ப்பு. கொட்டைக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கொட்டைக்கும் அப்படியொரு நேர்மையான கேள்வி வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அளவையே வேண்டாம் என்பதும் என் கட்சி இல்லை. எட்டிக்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு அதில் இருக்கிறது. முறையாகச் சுத்தி செய்த பிறகே சித்த வைத்தியர்கள் அதைத் தொடுவார்கள். சுத்தி செய்ததும் ஸ்ட்ரிக்னின் குறைகிறது என்று ஆய்வகம் காட்டியிருக்கிறது. அங்கே அளவு என்பது உயிர். அளக்கும் பொருள் இன்னதென்று பெயர் சொல்லி, அது உடம்பில் என்ன செய்யும் என்று தெரிந்து, மிஞ்சியது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். எட்டிக்கொட்டையின் மொத்த ஆல்கலாய்டை மட்டும் நிறச்சோதனையில் அளந்து, நிறைய இருக்கிறது, நல்லது என்று எழுதினால் என்ன ஆகும்? அந்த அபத்தத்தைத்தான் ஃபீனால் விஷயத்தில் அபாயம் குறைவு என்பதால் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வாதம் வரும். எதிர்த்தரப்பில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான். 'சிறு கல்லூரியில் நிறமானிதான் இருக்கிறது. சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும் எச்.பி.எல்.சி. கருவிக்குப் பல லட்சம் வேண்டும். காப்புரிமை கிடைக்காத நாவல் கொட்டைக்கு எந்தக் கம்பெனி மனிதச் சோதனை நடத்தும்?' வறுமை உண்மைதான். ஆனால் கையில் நிறமானி மட்டும் இருப்பதால் நிறமானி சொல்லாததையும் சொல்லிவிடலாம் என்ற உரிமை வந்துவிடாது. மாதிரிகளைத் தமக்குள் ஒப்பிட மொத்த ஃபீனால் உதவும். போன மாதத்துப் பொடியும் இந்த மாதத்துப் பொடியும் ஒரே தரமா, உலர்த்தும் முறை மாறியதால் சாரம் குறைந்ததா என்று பார்க்கலாம். அதோடு நிறுத்தி, கட்டுரையின் கடைசிப் பத்தியில் நீரிழிவு என்ற சொல்லை எழுதாமல் விட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

மனிதச் சோதனைக்கும் சர்க்கரையைப் போல் வசதியான நோய் குறைவு. விளைவைப் பார்க்க அறுத்துப் பார்க்க வேண்டாம், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஊருக்கு ஊர் கிடைக்கிறது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயுஷுக்கென்று 2014 முதல் தனி அமைச்சகமே இருக்கிறது. காப்புரிமை இல்லாத மருந்தைச் சோதிப்பது கம்பெனியின் வேலை இல்லையென்றால் அது அரசின் வேலை. ஆயிரம் சோதனைக்குழாய்க் கட்டுரைகளுக்குப் போகிற காசில் சில நல்ல மனிதச் சோதனைகளையாவது நடத்தலாம்.

அப்படியானால் ஆய்வகம் எதை அளக்க வேண்டும்? பொடியில் இருப்பது நாவல் கொட்டைதானா, வேறு எதையும் கலந்திருக்கிறதா என்பது முதல். எல்லாஜிக் அமிலம், காலிக் அமிலம் போன்றவற்றைப் பெயர் சொல்லித் தனித்தனியாக அளப்பது அடுத்தது, அதுவும் பொடிக் கணக்கில், நீரில் கரைந்த அளவில். மூலிகை மருந்தில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கையும் ஆர்சனிக் 3 பங்கையும் பாதரசம் 1 பங்கையும் காட்மியம் 0.3 பங்கையும் தாண்டக்கூடாது என்று நம் விதிமுறைகளே சொல்கின்றன. அதைப் பாருங்கள். சரியாக உலராத விதையில் பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பொடி என்ற பெயரில் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதையும் பாருங்கள். குடிப்பவருக்கு இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தீங்கிலிருந்து காப்பு.

பொட்டலம் விற்பவருக்கும் ஒரு சொல். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவையும் வைத்திருக்கிறது. 'சர்க்கரையை விரட்டும்' என்று நேராக எழுத அஞ்சுகிறவர்கள்தான் இன்று 'ஃபீனால் நிறைந்தது' என்று சுற்றி எழுதுகிறார்கள். படிக்கிறவர் மனதில் இரண்டும் ஒன்றாகவே பதியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆய்வாளர்கள் கொடுத்த எண்தான் அந்தச் சந்துக்கு வழிகாட்டி. நான் அளந்து மட்டும்தான் கொடுத்தேன், விற்றது நானில்லை என்று அவர்கள் கைகழுவ முடியாது. அந்த 'எனவே'யை எழுதிக் கொடுத்தது அவர்கள்தானே.

நாவற்பொடி குடிப்பவர் குடிக்கட்டும். மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு வேளையைத் தவிர்த்துக் குடிக்கட்டும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கட்டும். ஆனால் யாராவது அந்த மில்லிகிராம் எண்ணைக் காட்டி மருந்து என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சேர்மம்? எத்தனை கரண்டியில்? எத்தனை மனிதர்களிடம் பார்த்தீர்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அவர் கையில் இருப்பது ஒரு நிறத்தின் அளவு. அதற்கு விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் சர்க்கரைக்காரருக்கு இல்லை.